ஞாயிறு முழுக்க வீட்டில் பேசாமல் இருந்தேன், இப்போது வீட்டில் யாரும் என்னிடம் பேசுவதில்லை

திண்ணைவாசி · திங்கள் இரவு 9.40

வணக்கம். இது எந்தப் பகுதியில் வரும் என்று தெரியவில்லை, 'குடும்பம்' பகுதிக்கு மாற்ற வேண்டுமென்றால் நிர்வாகிகள் மாற்றிவிடுங்கள்.

எனக்குப் பேசுவதுதான் வேலை. ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் கிளெய்ம் விஷயமாக வரும் போன்களை எடுக்கிறேன், நாளைக்கு 60, 70 கால். பாதிப் பேர் திட்டுவார்கள், மீதிப் பேர் அழுவார்கள், இரண்டுக்கும் ஒரே குரலில் பதில் சொல்ல வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் "சாப்பிட்டியா" என்று கேட்கக்கூட வாய் வராது. அதனால் ரொம்ப நாளாக ஒரு ஆசை. ஒரே ஒரு நாள், காலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 6 மணி வரை ஒரு வார்த்தை பேசாமல் இருக்க வேண்டும், அதுவும் எங்கேயும் போகாமல் வீட்டிலேயே. லீவு போட்டுவிட்டு ஆசிரமம், தியான மையம் என்று போகிற நிலைமையில் நான் இல்லை.

நேற்று இருந்தேன். சனி ராத்திரியே மனைவியிடமும் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளிடம் சொன்னதற்கு, "அப்போ வைஃபை பாஸ்வேர்ட் இப்பவே சொல்லிடு" என்றாள். அவள் கவலை அவ்வளவுதான்.

ஏழு மணி வரை சொர்க்கம். காக்கா, பக்கத்து வீட்டு மிக்ஸி, பேப்பர்காரர் வாசலில் பேப்பரை வீசுகிற சத்தம் எல்லாம் தினமும் இருப்பதுதான், நேற்றுத்தான் காதில் விழுந்தது.

ஏழே காலுக்கு அம்மா பாத்ரூமுக்குள்ளிருந்து, "டேய், தண்ணி நின்னுபோச்சு, மோட்டார் போடு!" போட்டேன். ஆனால் போட்டுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? டேங்க் ஏறிக் குழாயில் தண்ணீர் வர ஐந்து நிமிடம் ஆகும். நான் காதில் வாங்கினேனா இல்லையா என்றே தெரியாமல் தலையெல்லாம் சீயக்காயோடு நின்றுகொண்டு அம்மா திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார். கதவைத் தட்டினேன். "யாரு?" மறுபடி தட்டினேன். "யாருடா அது, வாயத் தொறந்து சொல்லேன்!" கடைசியில் தண்ணீர்தான் வந்து பதில் சொன்னது.

பத்து மணிக்கு சிலிண்டர். டெலிவரித் தம்பி ஓடிபி கேட்டார், போனை அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் ரொம்பச் சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, "ஐயா... பணம்... ஆன்லைன்ல... கட்டியாச்சா?" என்றார். எனக்குக் காது கேட்காது என்று முடிவே செய்துவிட்டார்.

அடுத்து கீரைக்காரம்மா. கையைத் தட்டித்தான் நிறுத்தினேன். "தொண்ட கட்டிக்கிச்சா சாமி?" என்று கேட்டார், ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன் (பேசாமலே பொய் சொல்லலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது). கூடைக்கு அடியிலிருந்து ஒரு கைப்பிடி தூதுவளையை எடுத்து என் கையில் திணித்து, ரசம் வைக்கச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு அந்த நாளில் எனக்கு நல்லது எதுவும் நடக்கவில்லை.

மதியத்துக்கு மேல் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுதிக் காட்ட ஆரம்பித்தேன். மூன்று மணிக்கு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் என்னடா பண்ணேன்?" என்றார். முன்னாடியே சொல்லியிருந்தேனே என்று எழுதினேன். கண்ணாடி போடாமல் அதைப் படிக்கவும் முடியவில்லை அவரால். லால்குடியில் ஒரு குட்டிச்சுவருக்காக அப்பாவும் பெரியப்பாவும் 11 வருஷம் பேசிக்கொள்ளவில்லை, அம்மா அந்த வீட்டில் நடுவில் இருந்தவர். அவருக்குப் பேசாமல் இருப்பது என்றால் ஒரே அர்த்தம்தான். ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டார். மனைவி எதுவும் சொல்லவில்லை, பாத்திரங்கள் சொல்லின.

இன்று நான் பேசுகிறேன், அவர்கள் பேசவில்லை. வீட்டில் இப்படி ஒரு நாள் இருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எப்படிச் சமாளித்தீர்கள்?

ரெண்டாங்கட்டை · திங்கள் இரவு 9.52

தலைவா, பேசாம நீங்க பேசியே இருந்திருக்கலாம்.

பூண்டுரசம் · திங்கள் இரவு 10.31

சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் எரிச்சலும் வந்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் வீட்டுக்காரர் எட்டு வருஷமாக வியாழக்கிழமை தோறும் மௌனம். பக்தியாகத்தான் ஆரம்பித்தார், குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. தட்டில் உட்கார்ந்துகொண்டு சாம்பாரைக் காட்டுவார், நான் ஊற்றப் போனால் இல்லையென்று கையை ஆட்டுவார், ரசம் கொண்டுவந்தால் கண்ணை மூடிக்கொள்வார், கடைசியில் பார்த்தால் அவருக்கு வேண்டியது சாம்பாரில் கிடக்கும் முருங்கைக்காய் மட்டும். இதற்கு நடுவில் "ம்ம்", "ம்ம்ம்", "ம்ஹும்" என்று ஏழெட்டு வகை. இந்த ம்ம் எல்லாம் மௌனத்தில் சேர்த்தியா என்று ஒரு நாள் கேட்டேன். அதற்கும் "ம்ம்" என்றார்.

வியாழன் அன்று அவருடைய போனை நான் எடுக்கிறேன். அவருடைய அக்காவுக்கு நான் விளக்கம் சொல்கிறேன். வாசலில் யார் வந்தாலும் நான் போகிறேன். அவர் பேசாத பேச்சு எங்கேயும் போய்விடவில்லை, அத்தனையும் என் கணக்கில் ஏறுகிறது. வியாழன் ராத்திரி அவர் முகம் தெளிவாக இருக்கும், எனக்குத் தொண்டை கட்டியிருக்கும்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பங்குப் பேச்சை யார் பேசினார்கள்? அந்தத் தூதுவளையை என்ன செய்தீர்கள் என்பதும் வேண்டும், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

திண்ணைவாசி · திங்கள் இரவு 11.05

எண்ணிப் பார்த்தேன். எனக்கு வந்த நாலு போனை மனைவிதான் எடுத்தாள். அபார்ட்மென்ட் பராமரிப்புக் காசு கேட்டு வந்தவரிடம் அவள்தான் பேசினாள். மகளைப் படிக்க வைத்தது, அம்மாவிடம் "அவர் கோபமா இல்ல அத்தே" என்று ஒரு பத்துத் தடவை சொன்னது, எல்லாம் அவள்தான். நான் இதை யோசிக்கவே இல்லை.

தூதுவளை ஃபிரிட்ஜில் இருக்கிறது.

சாக்பீஸ் · செவ்வாய் காலை 6.15

நான் விரும்பி இருக்கவில்லை, டாக்டர் இருக்கச் சொன்னார். 19 வருஷமாக ஆசிரியை, ஒரு வகுப்பில் 50 பிள்ளைகள், மைக் கிடையாது. போன வருஷம் குரல் கரகரவென்று ஆகி, அப்புறம் பாதி வார்த்தையில் காணாமலே போக ஆரம்பித்தது. காது மூக்கு தொண்டை டாக்டர் உள்ளே கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் சின்னச் சின்ன முடிச்சு மாதிரி தடிப்பு இருக்கிறது, ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது, அப்புறம் குரல் பயிற்சி என்றார்.

எனக்குத் தெரியாத ஒன்றை அன்றைக்குச் சொன்னார், இங்கே இருப்பவர்களுக்கும் பயன்படும். மெதுவாகக் கிசுகிசுப்பதும் கூடாதாம். சத்தம் போடவில்லை, ரகசியம்தானே பேசுகிறோம் என்று நினைப்போம், ஆனால் கிசுகிசுக்கும்போது பலருக்குத் தொண்டை இன்னும் இறுகுகிறது. அடிக்கடி செருமுவதும் கூடாது, செருமல் வந்தால் ஒரு வாய் தண்ணீர் விழுங்க வேண்டும். என் கையில் எந்நேரமும் தண்ணீர் பாட்டில்தான்.

வீட்டில் நடந்த வேடிக்கையைச் சொல்கிறேன். நான் எழுதிக் காட்டுகிறேன், என் பையன் (8 வயது) பதிலைக் கிசுகிசுப்பாகச் சொல்கிறான். டேய், தொண்டையில் கோளாறு எனக்குத்தானே, நீ சத்தமாகவே பேசு என்று எழுதினேன். அதையும் படித்துவிட்டு "சரிம்மா" என்று கிசுகிசுத்தான். இரண்டாம் நாளிலிருந்து அவன் அப்பாவும் அப்படியே. டிவி சத்தம் தானாகக் குறைந்தது. ஒருத்தருடைய தொண்டைக்காக மொத்த வீடும் காலை நுனியில் ஊன்றி நடந்தது. எழுத்து என்பதால் யாரையும் திட்டவும் முடியவில்லை, எழுதி முடிப்பதற்குள் கோபம் போய்விடுகிறது, இல்லையென்றால் பேனா எழுதாது.

ஆனால் எனக்கு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டாக்டர் சீட்டு இருந்தது. உங்களிடம் இல்லை.

பழையபேப்பர் · செவ்வாய் காலை 10.20

திண்ணைவாசி, உங்கள் தப்பு மௌனம் இல்லை, விதிவிலக்கு வைத்துக்கொள்ளாததுதான்.

காந்தி திங்கட்கிழமை பேசமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆரம்பத்தில் அதில் ஆன்மிகமே பெரிதாக இல்லை, ஓய்வும் கடிதங்கள் எழுத நேரமும் வேண்டும் என்றுதான் தொடங்கினார், பிறகுதான் அதில் வேறொன்று கிடைத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். 1947 ஜூன் 2 ஒரு திங்கட்கிழமை. பிரிவினைத் திட்டத்தைத் தலைவர்கள் முன்னால் வைத்த அதே நாளில் மவுண்ட்பேட்டன் காந்தியையும் சந்திக்கிறார். இந்த மனுஷன் என்ன சொல்லப்போகிறாரோ என்று வைஸ்ராய்க்கு உள்ளூர உதறல். காந்தி உதட்டில் விரலை வைத்துவிட்டார். பழைய கடித உறைகளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார், மன்னிக்கவும், என்னால் பேச முடியாது என்று. அதில்தான் இந்த விஷயம் வருகிறது. மௌனத்தைத் தொடங்கும்போதே இரண்டு விலக்கு வைத்துக்கொண்டாராம், அவசர காரியமாகப் பெரிய பதவியில் இருப்பவர்களிடம் பேசலாம், நோயாளிகளைக் கவனிக்கும்போது பேசலாம். ஆனாலும் நான் மௌனத்தை உடைப்பதை நீங்கள் விரும்பவில்லை என்று எனக்குத் தெரியும் என்று கூடவே எழுதினார் பாருங்கள், அதுதான் காந்தி.

வைஸ்ராய்க்கே விலக்கு உண்டு என்றால், தலையில் சீயக்காயோடு நிற்கும் அம்மாவுக்கு இருக்கக் கூடாதா?

ரெண்டாங்கட்டை · செவ்வாய் காலை 10.34

பெரிய பதவியில் இருப்பவர்கள் என்ற வகையில் அம்மா வந்துவிடுவார்.

கிரிவலப்பாதை · செவ்வாய் மதியம் 1.10

எல்லாரும் வாயைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் திருவண்ணாமலைக்காரன், ஆசிரமத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. ரமணர் 1896 செப்டம்பர் 1 அன்று இங்கே வந்து இறங்கினார், வயது 16. அதற்குப் பிறகு சில வருஷங்கள் அவர் பேசியது மிகக் குறைவு. ஆனால் மௌன விரதம் என்று ஒன்றை அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை, பேசத் தோன்றவில்லை, பேசவில்லை, அவ்வளவுதான். தோன்றாமல் இருப்பதற்கும் தோன்றுவதை அடக்குவதற்கும் எவ்வளவு தூரம் என்று யோசியுங்கள். நீங்கள் ஞாயிறு முழுக்க மனசுக்குள் எத்தனை பேசினீர்கள்? காலண்டர் தாள் எத்தனை செலவானது? வாயை மூடிக்கொண்டு மனசால் கத்திக்கொண்டிருப்பதற்கு மௌனம் என்று பெயர் இல்லை.

திண்ணைவாசி · செவ்வாய் மதியம் 1.48

14 தாள். சண்டைக்கு வரவில்லை, ஆனால் எனக்கு ஞானம் வேண்டாம் சார், தொண்டைக்கும் காதுக்கும் ஒரு நாள் லீவு வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன்.

பூண்டுரசம் · செவ்வாய் மதியம் 2.02

குகையில் இருந்தவர்களுக்கு சிலிண்டர் வராது.

மூச்சுக்காற்று · செவ்வாய் மாலை 5.30

சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் 10 நாள் விபாசனா தியான முகாமில் இருந்திருக்கிறேன். அங்கே பேசாமல் இருப்பது ஒரு விஷயமே இல்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், உட்கார்ந்து முட்டி வலிப்பதுதான் விஷயம். காரணம், அங்கே சுற்றியிருக்கும் எல்லாருமே பேசமாட்டார்கள். போனை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்வார்கள். விடிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும், சாப்பாடு நேரத்துக்குத் தானாக வரும், கண்ணால் ஜாடை காட்டுவதும் எழுதிக் காட்டுவதும்கூடக் கிடையாது. பத்தாம் நாள் காலை பேசலாம் என்று விட்டதும் ஒரு சத்தம் கிளம்பியது பாருங்கள், சந்தை தோற்றது. வீடு திரும்பி அதே மாதிரி ஒரு சனிக்கிழமை இருந்து பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன், ஒன்பதரைக்கு விட்டுவிட்டேன். வீட்டில் நாம் மட்டும் நிற்கிறோம், மற்றவர்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், அது நடுரோட்டில் நிற்கிற மாதிரி.

மெட்ராஸ்வெயில் · செவ்வாய் இரவு 8.15

உங்களுக்கெல்லாம் பேசினால்தான் சத்தம். எங்கள் தெருவில் நான் பேசினாலும் பேசாவிட்டாலும் ஒன்றுதான். ஒரு பக்கம் போர் போடுகிறார்கள், இன்னொரு பக்கம் டைல்ஸ் அறுக்கிறார்கள், ஆடி மாசம் வந்தால் ஜன்னலுக்கு நேரே குழாய் ஸ்பீக்கர். 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதியில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், ராத்திரி 10 மணியிலிருந்து 6 மணி வரை 45 என்று போட்டிருக்கிறது. அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன், ஒரு சாமி படம் மாதிரி. நம்பிக்கைதான்.

விரல்நுனி · புதன் காலை 7.40

இதைப் படித்துக்கொண்டே வந்தேன், ஒன்று சொல்லத் தோன்றியது. என் அப்பா அம்மா இரண்டு பேருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. எனக்குக் கேட்கும். எங்கள் வீட்டில் வாய்ப்பேச்சு கிடையாது, ஆனால் எங்கள் வீட்டை மாதிரிச் சத்தமான வீடு அந்தத் தெருவிலேயே கிடையாது. அம்மா பாத்திரத்தைப் போடுகிற போடு அவருக்குக் கேட்காது இல்லையா. கதவு டமால் என்று சாத்தும், நாற்காலி தரையில் இழுபடும், குக்கர் எத்தனை விசில் என்று எண்ணுவது சின்ன வயதிலிருந்தே என் டியூட்டி. தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட லைட்டை அணைத்து அணைத்துப் போடுவோம், இல்லையென்றால் தரையில் காலால் ஓங்கி மிதிப்போம், அதிர்வு போய்ச் சேரும்.

சண்டையும் உண்டு. சைகை மொழியில் முகம்தான் பாதி, புருவத்தைத் தூக்கினால் அது கேள்வி, அதே கை அசைவுக்கு முகம் மாறினால் அர்த்தம் மாறும். அப்பாவுக்குப் பதில் பேச விருப்பம் இல்லையென்றால் என்ன செய்வார் தெரியுமா? கண்ணை மூடிக்கொள்வார். அவ்வளவுதான், போச்சு. அம்மா எதிரே நின்று கையைக் காலை ஆட்டினாலும் ஒன்றும் நடக்காது. அம்மா அவர் இமையை விரலால் திறந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் திண்ணைவாசி அண்ணா, நீங்கள் அன்றைக்குக் கை தட்டியது, கதவைத் தட்டியது, போனைக் காட்டியது, 14 தாள் எழுதியது எல்லாம் எங்கள் வீட்டுக் கணக்கில் பேச்சுதான். நீங்கள் நாள் பூராவும் பேசியிருக்கிறீர்கள், கொஞ்சம் மோசமாகப் பேசியிருக்கிறீர்கள். இன்னொன்று, சிலிண்டர்காரர் சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார் என்றீர்களே, என் அப்பாவிடம் ஊரே இத்தனை வருஷமாக அப்படித்தான் பேசுகிறது.

திண்ணைவாசி · புதன் காலை 8.10

தம்பியா தங்கையா தெரியவில்லை. அந்த சிலிண்டர் கதையை ஜோக்காக எழுதிவிட்டேன். மன்னிக்கவும்.

விரல்நுனி · புதன் காலை 8.22

தங்கை. மன்னிப்பெல்லாம் எதற்கு, அப்பாவிடம் உங்கள் கதையைச் சைகையில் சொன்னேன், மோட்டார் கட்டத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தார்.

கடலோரம் · புதன் மதியம் 3.00

எங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று. குர்ஆனில் மர்யம் அவர்கள் (ஈசா நபியின் தாயார்) குழந்தையோடு ஊருக்குத் திரும்பும்போது, யாராவது கேட்டால் "ரஹ்மானுக்காக நோன்பு நேர்ந்திருக்கிறேன், இன்று எந்த மனிதரோடும் பேசமாட்டேன்" என்று சொல்லச் சொல்லி வருகிறது. அது அவர்களுக்கு வந்த கட்டளை. நமக்கு அப்படி நாள் முழுக்கப் பேசாமல் இருப்பதை வணக்கமாக வைக்கவில்லை. அஹ்மஸ் கோத்திரத்துப் பெண் ஒருத்தி ஹஜ்ஜில் யாரிடமும் பேசாமல் இருந்தபோது, முதல் கலீஃபா அபூபக்கர் அவர்கள் இது அறியாமைக் காலத்துப் பழக்கம், பேசு என்று சொன்னதாக ஹதீஸ் இருக்கிறது. அந்தப் பெண் உடனே பேச ஆரம்பித்து, நீங்கள் யார், எந்த ஊர், குறைஷிக் கோத்திரத்தில் யார் என்று அடுக்கடுக்காகக் கேட்டு, "நீ நிறையக் கேள்வி கேட்கிறாய்" என்று அவரையே சொல்ல வைத்துவிட்டார். எங்கள் உம்மா இந்தச் சம்பவத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

உப்பளம் · புதன் மாலை 4.45

தூத்துக்குடிப் பக்கம் பெரிய வெள்ளிக்குக் கோயில் மணி அடிக்காது. வியாழக்கிழமை பூசையில் நின்றால் உயிர்ப்பு விழாப் பூசையில்தான் திரும்ப அடிக்கும், நடுவில் மரப்பலகையைத் தட்டுவார்கள், சின்ன வயதில் அந்தக் கடகடச் சத்தத்துக்குப் பயந்து ஆச்சி சேலைக்குள் ஒளிவேன். அன்றைக்கு வீட்டில் ரேடியோ கிடையாது, மாலை மூன்று மணி வரை பிள்ளைகள் உரக்கப் பேசினால் அடி விழும். ஒருத்தர் மட்டும் இல்லை, தெருவே அப்படி, அதனால் யாருக்கும் கோபம் இல்லை.

டிக்கெட்கன்ஃபார்ம் · புதன் இரவு 9.20

தெரு என்ன தெரு, தீவே அப்படி இருந்ததைப் பார்த்தேன். 2024 மார்ச்சில் பாலிக்குப் போயிருந்தோம், டிக்கெட் விலை மலிவாக இருந்த காரணம் போன பிறகுதான் தெரிந்தது. மார்ச் 11 அவர்களுக்கு நியெப்பி, சக வருஷப் பிறப்பு. முந்தின நாள் ராத்திரி பூதம் மாதிரிப் பெரிய பெரிய பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் கூத்து. மறுநாள் காலை 6 மணியிலிருந்து அடுத்த நாள் 6 மணி வரை ஒன்றும் கிடையாது. விமான நிலையமே மூடல். மொபைல் இணையத்தையும் நிறுத்திவிடுகிறார்கள், 2018லிருந்து அப்படி. ஹோட்டல் வாசலைத் தாண்டக் கூடாது, கட்டம் போட்ட துணி கட்டின ஊர்க்காவலர்கள் சுற்றிவருகிறார்கள். ராத்திரி ஜன்னலில் வெளிச்சம் தெரியக் கூடாது. என் மனைவி மொட்டை மாடிப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து ரகசியக் குரலில், "ஏங்க, நாய்கூடக் குலைக்கல" என்றாள். நட்சத்திரம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா, ஊரில் கரண்ட் போன ராத்திரிகள்.

ஜன்னலோரம் · வியாழன் அதிகாலை 4.50

இத்தனை நாள் படிக்க மட்டும் செய்தேன், இன்று எழுதுகிறேன். எனக்கு 67 வயது. கணவர் இல்லை, பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாடு, அவர்கள் கூப்பிடுவது ஞாயிறு. திங்கள் காலையிலிருந்து சனி வரை நான் பேசுவது "தக்காளி அரைக் கிலோ", "சில்லறை இருக்கா", "பையை இங்கே வைப்பா". சில நாள் அதுவும் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் யாரோ நம்பர் மாற்றிக் கூப்பிட்டார்கள், ஹலோ என்று சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. காலையிலிருந்து பேசவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அந்தப் பையன் வைத்துவிடப் போகிறானே என்று செருமிச் செருமி, "தப்பான நம்பர் பரவாயில்ல தம்பி, யார் வேணும் உங்களுக்கு" என்று கேட்டேன்.

நீங்களெல்லாம் விரதம் இருக்கிறீர்கள், எனக்குச் சாப்பாடே அதுதான். பரிதாபத்துக்காக எழுதவில்லை, எனக்குப் பழகிவிட்டது, பாதி நாள் பிடித்தும் இருக்கிறது. அந்தத் தம்பியின் அம்மா "நான் என்னடா பண்ணேன்" என்று கேட்டதைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை, அதனால்தான் எழுதினேன். அம்மாவிடம் முதலில் பேசுங்கள்.

சாக்பீஸ் · வியாழன் காலை 6.20

அம்மா, உங்களைத் தனி மடலில் கூப்பிடலாமா?

ஜன்னலோரம் · வியாழன் காலை 6.31

கூப்பிடும்மா. ஆனால் உனக்குத் தொண்டை சரியில்லை என்று எழுதியிருந்தாயே.

திண்ணைவாசி · அடுத்த திங்கள் இரவு 10.10

ஒரு வாரம் கழித்து வருகிறேன்.

வியாழக்கிழமை ராத்திரி அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். அதிகம் இல்லை, ஆபீசில் யார் யார் என்னைத் திட்டுகிறார்கள் என்று மட்டும் சொன்னேன், இதற்கு முன்னால் வீட்டில் அதைச் சொன்னதில்லை. "அதான் வாய்க்கு லீவு கேட்டியா" என்றார். லால்குடிச் சுவர் கதையை முதலிலிருந்து கடைசி வரை மறுபடி சொன்னார், ஒன்றரை மணி நேரம். குறுக்கே பேசவில்லை.

மனைவியிடம் பூண்டுரசம் கேட்ட கேள்வியை அப்படியே காட்டினேன். படித்துவிட்டு, "இந்த ஞாயிறு நான்" என்றாள்.

நேற்று அவள் மௌனம். விலக்கு மூன்று, அவளே எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்: யாருக்காவது அடிபட்டால், அத்தை பாத்ரூமிலிருந்து கூப்பிட்டால், பால் பொங்கினால். காலை எட்டு மணிக்குள் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்: ஹிந்து பேப்பர் எங்கே, என் நீலக் கலர் ஷார்ட்ஸ் எங்கே, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, இட்லிக்குச் சட்னியா சாம்பாரா, சட்னி என்றால் எந்தச் சட்னி, இன்றைக்கு என்ன திதி, அம்மா ஏன் பேசலை. ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியாது. திரும்பி அவளைப் பார்ப்பேன், அவள் விரல்நுனியின் அப்பா மாதிரிக் கண்ணை மூடிக்கொள்வாள் (இழை முழுக்கப் படித்திருக்கிறாள்). பத்தரைக்கு அவளுடைய தங்கை போன். 40 நிமிடம் பேசினேன். கிளெய்ம் கால்கூட அவ்வளவு நேரம் போகாது.

மத்தியானம் அவள் பால்கனியில் நாற்காலியைப் போட்டு, கொடிக்குப் பக்கத்தில், வெறுமனே உட்கார்ந்திருந்தாள். புத்தகம் இல்லை, போன் இல்லை. கல்யாணமாகி 15 வருஷத்தில் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பால் பொங்கியது, அவள் பேசவில்லை, நானும் கவனிக்கவில்லை, அடுப்பு மேடையைத் துடைக்க அரை மணி ஆனது.

இன்று காலை 6 மணிக்கு நேரம் முடிந்தது. காபி போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். வாங்கிக் குடித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பேப்பர் படித்தாள். ஏழு பத்துக்கு நிமிர்ந்து பார்த்து, "சர்க்கரை ஜாஸ்தி" என்றாள்.

பூண்டுரசம் · அடுத்த திங்கள் இரவு 10.25

இதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "ம்ம்" என்றார். இன்று வியாழக்கிழமைகூட இல்லை.

ரெண்டாங்கட்டை · அடுத்த திங்கள் இரவு 10.27

எல்லாம் சரி, அந்தத் தூதுவளை என்ன ஆச்சு?

திண்ணைவாசி · அடுத்த திங்கள் இரவு 10.40

வாடிவிட்டது. கீரைக்காரம்மாவிடம் மறுபடி வாங்கினேன், இந்த முறை வாயைத் திறந்து கேட்டு. "குரல் வந்துருச்சே, ரசம் வேல செஞ்சுதுல்ல?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எப்படி வைப்பது, யாராவது சொல்லுங்கள், அவளிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

ஜன்னலோரம் · அடுத்த திங்கள் இரவு 11.15

இலையில் முள் இருக்கும் தம்பி, பின்பக்கம், காம்பு எல்லாம் பார்த்துக் கிள்ளி எடுத்துவிடுங்கள். நெய்யில் சுருள வதக்கி, மிளகு, சீரகம், நாலு பல் பூண்டு சேர்த்து ஒன்றிரண்டாக அரைத்து, நீர்க்கக் கரைத்த புளித் தண்ணீரில் போட்டு, உப்பு, மஞ்சள் தூள். கொதிக்க விடாதீர்கள், ஓரத்தில் நுரை கூடினதும் இறக்கிவிடுங்கள். கடுகை நெய்யில் தாளியுங்கள். அம்மாவுக்கு ஊற்றும்போது மிளகு காரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர்.

திண்ணைவாசி · அடுத்த திங்கள் இரவு 11.18

நெய் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.